மழைக்கு அஞ்சாத பை

பிளாஸ்டிக்கை விரட்டிய ஊர்களில் மழை பெய்தால் பிளாஸ்டிக் திரும்பி வந்துவிடுகிறது. கேரள - தமிழக எல்லைக் கிராமங்களில் இதற்கு ஒரு பழைய மாற்று சாத்தியம்: மெழுகு தோய்த்த கித்தான். மெழுகும் தறியும் தையல் தெரிந்த கைகளும் அங்கே அருகருகே இருக்கின்றன.

ஜூன் பிறந்துவிட்டால் கேரளத்தின் தென்கோடியில் ஒவ்வொரு பைக்குள்ளும் இன்னொரு பை புகுந்துகொள்கிறது. பள்ளிக்கூடப் பையில் நோட்டுப் புத்தகங்களைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் உறை. பாஸ் புத்தகத்துக்கும் ரேஷன் அட்டைக்கும் சேர்த்து ஒன்று. சந்தைக்குப் போகிற துணிப்பையின் அடியில், சர்க்கரையும் பருப்பும் நனையாமலிருக்க, மடித்து வைத்த இன்னொன்று. வெளியே தெரிவது துணி. உள்ளே காப்பாற்றுவது பிளாஸ்டிக்.

ஒற்றசேகரமங்கலம் இப்படிப்பட்ட ஊர்களில் ஒன்று. திருவனந்தபுரம் மாவட்டத்தில் நெய்யாற்றின்கரையிலிருந்து மலையடிவாரத்தை நோக்கிப் போகும் வழியில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. நெடுங்காலம் நெய்யாற்றின்கரை தாலுகாவில் இருந்த ஊர், 2014ல் காட்டாக்கடை தாலுகா உருவானபோது அதில் சேர்ந்தது. கிழக்கே அம்பூரி, அதற்கப்பால் அகத்தியமலை. இன்னொரு பக்கம் வெள்ளறடை, பனச்சமூடு. அங்கே மாநில எல்லை வந்துவிடும். 1956 நவம்பர் 1ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரையையும் கேட்டது திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். அது கேரளத்திலேயே நின்றுவிட்டது. ஆனால் எல்லைக் கோட்டால் சந்தை பிரியவில்லை, உறவுகளும் பிரியவில்லை. பனச்சமூட்டிலும் களியக்காவிளையிலும் இன்றும் ஒரே கூடையில் இரண்டு மொழிகளிலும் பேரம் நடக்கிறது.

மழையும் பிரியவில்லை. ஜூனில் தொடங்குவது இடவப்பாதி. அக்டோபரில் வருவது துலாவர்ஷம். வடக்குக் கேரளம் தென்மேற்குப் பருவத்தைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது. சென்னைக்கு வடகிழக்குப் பருவம். இந்த எல்லைப் பகுதிக்கு இரண்டுமே உண்டு. நனைந்த துணிப்பை சரியாகக் காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும். காயாத பருத்தியில் பூஞ்சை பிடிக்கும், கரும்புள்ளி விழும், இழை இற்றுப்போகும். பருத்தி நூல் ஈரத்தில் பலவீனமாவதில்லை, சொல்லப்போனால் நனைந்த பருத்தி நூலுக்கு வலு சற்றுக் கூடும். அதைக் கொல்வது தண்ணீர் அல்ல. தண்ணீரைத் தொடர்ந்து வரும் பூஞ்சை.

துணிப்பையின் கடன்

இது ஒரு பையின் பிரச்சினை மட்டுமல்ல. தமிழகம் 2019 ஜனவரி 1 முதலும், கேரளம் 2020 ஜனவரி 1 முதலும் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை விதித்தன. மத்திய அரசு கைப்பைகளுக்கான குறைந்தபட்சத் தடிமனை 2021 செப்டம்பர் 30 முதல் 75 மைக்ரானாகவும், 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானாகவும் உயர்த்தியது. 2021 டிசம்பர் 23ல் தமிழக அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. ஒரு காலத்தில் பட்டிக்காட்டான் அடையாளம் என்று கேலி செய்யப்பட்ட மஞ்சள் பைக்கு அரசு மரியாதை கிடைத்தது. கேரளத்தில் குடும்பஸ்ரீ அமைப்பின் பெண்கள் துணிப்பை தைக்கத் தொடங்கினார்கள்.

எல்லாம் நல்லதுதான். ஆனால் துணிப்பைக்கும் ஒரு கடன் இருக்கிறது. பருத்திக்குத் தண்ணீர் வேண்டும், உரம் வேண்டும், பூச்சிமருந்து வேண்டும். நூற்கவும் நெய்யவும் சாயமேற்றவும் மின்சாரம் வேண்டும். டென்மார்க் நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2018ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்தக் கடனைக் கணக்கிட்டது. ஒரு சாதாரணப் பருத்திப் பை, பருவநிலை பாதிப்பை மட்டும் பார்த்தால்கூட, மெல்லிய பிளாஸ்டிக் பைக்குச் சமமாவதற்கு 52 தடவை பயன்பட வேண்டும் என்றது. அதாவது வாரச் சந்தைக்கு ஒரு வருடம். எல்லாவிதப் பாதிப்புகளையும் சேர்த்தால் 7,100 தடவை. தினம் ஒரு தடவை என்றாலும் 19 வருடங்களுக்கு மேல். ஓசோன் படலத்துக்கு ஏற்படும் பாதிப்பைக் கணக்கிட்ட விதத்தால்தான் இரண்டாவது எண் இவ்வளவு பெரிதானது என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது. தெருவிலும் வயிற்றிலும் சேரும் பிளாஸ்டிக் குப்பையை அந்த ஆய்வு எடைபோடவில்லை என்பதும் உண்மை.

எண்ணைக் குறைத்துக்கொண்டாலும் பாடம் மாறவில்லை. துணிப்பை நல்ல பையா இல்லையா என்பதை அது எத்தனை வருடம் உழைக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. இரண்டு மழைக்காலத்தில் கரும்புள்ளி விழுந்து குப்பைக்குப் போகிற துணிப்பை, கடனை அடைக்காமல் இறந்துபோன பை. விழாக்களில் இலவசமாகக் கொடுத்து வீட்டு அலமாரியில் 20, 30 என்று சேர்ந்து கிடக்கும் பைகளும் அப்படியே. துணியைப் போலத் தோன்றும் 'நெய்யாத' பைகளோ துணியே அல்ல. பாலிபுரோப்பிலின் என்ற பிளாஸ்டிக்கை இழையாக்கி அழுத்திச் செய்தவை.

எனவே மழைநாட்டுக்கு வேண்டியது துணிப்பைதான். ஆனால் நனைந்து சாகாத துணிப்பை.

பாயிலிருந்து பைக்கு

நனையாத துணி புதிய கண்டுபிடிப்பு அல்ல. தமிழில் அதற்குப் பழைய சொல்லே இருக்கிறது: மெழுகுசீலை. கெட்டியான முரட்டுத் துணிக்குக் கித்தான் என்று பெயர். லாரிக்கு மேலே போர்த்தும் தார்ப்பாய் ஆங்கிலத்திலிருந்து வந்த சொல். ஆனால் தார் பூசிய பாய் என்று தமிழிலேயே பொருள் பிரிந்துவிடுவதால் யாருக்கும் அது அயல்மொழியாகத் தெரிவதில்லை. தமிழில் பாய் என்றால் படுக்கும் பாயும் உண்டு, கப்பலின் பாயும் உண்டு. மெழுகுக் கித்தானின் கதை கப்பல் பாயில்தான் தொடங்குகிறது.

பாய்மரக் கப்பல் காலத்தில் ஐரோப்பிய மாலுமிகள் கிழிந்த பாய்த்துணியைத் தூக்கி எறியவில்லை. எண்ணெயும் கொழுப்பும் தடவி மழைச் சட்டையாகப் போட்டுக்கொண்டார்கள். பிறகு ஆளிவிதை எண்ணெய் பூசிய துணி வந்தது. அது நாளாக நாளாக மஞ்சளாகும். குளிரில் விறைத்து வெடிக்கும். 1930களில் பிரிட்டனில் பாரஃபின் மெழுகு ஏற்றிய பருத்தித் துணி அதன் இடத்தைப் பிடித்தது. வளைந்தாலும் வெடிக்காத இந்தத் துணி மீனவர்களிடமிருந்து விவசாயிகளுக்கும் மோட்டார் சைக்கிள்காரர்களுக்கும் போனது. அட்லாண்டிக்கின் மறுகரையில் 1882ல் அமெரிக்காவின் துலூத் நகரத்தில் படகுப் பயணிகளுக்கான கித்தான் முதுகுப்பைக்குக் காப்புரிமை வாங்கப்பட்டது. 1897ல் சியாட்டில் நகரத்தில் தொடங்கிய ஃபில்சன் நிறுவனம், தங்கம் தேடி வடக்கே போனவர்களுக்கு முரட்டுத் துணிகள் விற்றது. உழைப்பாளிகளின் தோளில் தொங்கிய இந்தப் பைகள் இன்று சில நூறு டாலர் விலையில் கண்ணாடி அலமாரிகளில் இருக்கின்றன என்பது வேறு விஷயம்.

துணியும் மெழுகும் சேர்வது தென்னிந்தியாவுக்குப் புதிதல்ல. சோழமண்டலக் கரையின் கலம்காரித் துணிகளில் நீலச் சாயம் ஏறக்கூடாத இடங்களை உருக்கிய தேன்மெழுகு பூசித்தான் மறைத்தார்கள். சாயத் தொட்டியில் முக்கி எடுத்த பிறகு மெழுகைக் கொதிநீரில் களைந்துவிடுவார்கள். துணியின் இழைக்குள் மெழுகு எப்படிப் போய் உட்காரும், தண்ணீரை எப்படித் தடுக்கும் என்பதை நூற்றாண்டுகளாக அறிந்திருந்த கைகள் அவை. இன்றும் பேருந்து நிலையத்து வாசலில் செருப்பு தைப்பவர் நூலை மெழுகுக் கட்டியில் இழுத்துத்தான் ஊசியில் கோக்கிறார். நூல் வழுக்கிக்கொண்டு போகும், துளையை அடைக்கும், ஈரத்தில் சீக்கிரம் இற்றுப்போகாது. மெழுகுக் கித்தான் பையின் தத்துவம் முழுவதும் அந்த ஒரு முழ நூலில் இருக்கிறது.

ரப்பர் போன வழி

ரப்பர் காட்டுக்கு நடுவே இருந்துகொண்டு மெழுகைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்கலாம். தண்ணீரைத் தடுக்க ரப்பரைவிடச் சிறந்தது எது?

கேள்வி நியாயமானது. 1823ல் கிளாஸ்கோவைச் சேர்ந்த சார்லஸ் மெக்கின்டாஷ், நாஃப்தாவில் கரைத்த ரப்பரை இரண்டு துணிகளுக்கு நடுவே பூசிக் காப்புரிமை வாங்கினார். வெயிலில் பிசுபிசுத்து, குளிரில் கட்டையாகிப்போன அந்தத் துணி, 1839ல் சார்லஸ் குட்இயர் கந்தகத்தோடு ரப்பரைச் சூடாக்கும் முறையைக் கண்டுபிடித்த பிறகுதான் உருப்பட்டது. இந்தியாவில் அந்த வழியில் போய் வெற்றி கண்டவர் வங்காளத்தின் சுரேந்திர மோகன் போஸ். அமெரிக்காவில் படித்துத் திரும்பியவர், விடுதலை இயக்கத் தொடர்பால் சிறை கண்டவர். 1920ல் கல்கத்தாவில் அவர் தொடங்கிய பெங்கால் வாட்டர்புரூஃப் நிறுவனம் பின்னர் பானிஹாட்டியில் தொழிற்சாலை கண்டது. வாத்தின் முதுகில் தண்ணீர் ஒட்டாது என்பதால் வைத்த 'டக்பேக்' என்ற பெயர் மழைக்கோட்டிலும் பள்ளிப் பையிலும் நாடு முழுக்கப் பிரபலமானது. அந்தப் பெயரின் மதிப்புக்கு ஒரு வழக்கே சாட்சி. 'டேக்பேக்' என்ற பெயரில் சரக்கு விற்ற வேறொரு நிறுவனத்தின் மீது பெங்கால் வாட்டர்புரூஃப் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1996ல் அதற்குச் சாதகமாக முடிந்தது. வணிகச் சின்னச் சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் படிக்கும் தீர்ப்பு அது.

ரப்பர் பூசிய துணி மழையை முழுதாகத் தடுக்கும். மெழுகுத் துணி அப்படியல்ல. மழையை வழியவிடும், ஆனால் தண்ணீரில் முங்கினால் ஊறிவிடும். அந்த வகையில் ரப்பருக்குத்தான் வெற்றி. தோல்வி பிறகு வருகிறது. ரப்பர் பூச்சுக்கு வயதானால் ஒட்டும், உரியும், வெடிக்கும். அப்படி உரிந்த பூச்சை வீட்டில் யாரும் திரும்பப் பூச முடியாது. கந்தகமும் சூடும் இயந்திரமும் தொழிற்சாலையில் இருக்கின்றன. பையின் துணி நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பை செத்துவிடும். பின்னால் வந்த நைலான் பைகளின் உட்பூச்சுக்கும் இதே விதிதான். மூன்றாம் வருடம் உள்ளே கைவிட்டால் பொடிப்பொடியாக உதிர்வதைப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர்கள் எல்லோரும் அறிவார்கள்.

மெழுகு தேய்ந்தால் மறுபடி பூசலாம். ஒரு அடுப்பு, ஒரு இஸ்திரிப் பெட்டி, அரை நாள் வெயில் போதும். இந்த ஒரு குணத்துக்காகத்தான் 100 வருடத்துக்கு முன்பே காலாவதியாகியிருக்க வேண்டிய மெழுகுத் துணி இன்னும் பிழைத்திருக்கிறது.

பக்கத்தில் இருக்கும் பொருள்கள்

ஒற்றசேகரமங்கலத்திலிருந்து ஒரு நாள் பேருந்துப் பயணத்துக்குள் இந்தப் பைக்கு வேண்டிய பெரும்பாலான பொருள்கள் வந்துவிடுகின்றன.

மெழுகுக்கு மார்த்தாண்டம். ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் 1920களில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் அங்கே தொடங்கிய கிராம சீரமைப்பு மையம், ஏழைக் குடும்பங்களுக்குத் துணைத் தொழிலாகத் தேனீ வளர்ப்பைக் கற்றுக்கொடுத்தது. 1937ல் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. 'மார்த்தாண்டம் பெட்டி' என்று ஒரு தேனீப் பெட்டிக்கே ஊரின் பெயர் வந்தது. இந்தத் தொழிலுக்கும் ரப்பருக்கும் நெருங்கிய உறவு உண்டு. ஆண்டுத் தொடக்கத்தில் இலையுதிர்ந்த ரப்பர் மரம் துளிர்விடும்போது, இளம் இலைக் காம்பின் நுனியில் தேன் சுரக்கிறது. பூவில் அல்ல, இலையில். பெட்டிகளை எல்லையின் இருபுறமும் ரப்பர் தோட்டங்களில் கொண்டுபோய் வைத்து எடுப்பதுதான் இங்குள்ள தேனின் பெரும்பகுதி.

1991-92ல் 'தாய் சாக்புரூட்' என்ற வைரஸ் நோய் இந்தப் பகுதியின் இந்தியத் தேனீக்களைத் தாக்கிக் கூடுகளில் பெரும்பாலானவற்றை அழித்துவிட்டது. வருமானம் ஒரே பருவத்தில் நின்றுபோக, பலர் பெட்டியை விறகுக்குப் போட்டார்கள். நோய்க்குத் தப்பிய கூட்டங்களைப் பெருக்கித்தான் தொழில் மீண்டது. தேன் என்ற ஒற்றைப் பொருளை நம்பியிருப்பதன் ஆபத்தை அந்த வருடங்கள் காட்டின. மெழுகுக்கும் ஒரு சந்தை இருந்தால் தேனீ வளர்ப்பவரின் கையில் இன்னொரு காசு சேரும்.

தறிக்குப் பாலராமபுரம். நெய்யாற்றின்கரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவே தேசிய நெடுஞ்சாலையில் இருக்கும் ஊர். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராம வர்மாவின் பெயரால் அமைந்தது. திவான் உம்மிணித் தம்பி தமிழ்ப் பகுதிகளிலிருந்து சாலியர் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றினார். அவர்களின் வழித்தோன்றல்கள் பலர் வீட்டில் இன்றும் தமிழ் பேசுகிறார்கள். குழித்தறியில் நெய்யும் கசவு வேட்டியும் புடவையும் புவிசார் குறியீடு பெற்றவை. தெருவில் பாவு விரித்து, கஞ்சி பூசி, தேங்காய் எண்ணெய் தொட்டுத் தூரிகையால் நீவும் காட்சியைக் காலையில் அங்கே பார்க்கலாம்.

ஆனால் பாலராமபுரம் நெய்வது மெல்லிய நூலில் மேனிக்கு உடுத்தும் துணி. பைக்கு வேண்டிய கித்தான் அது அல்ல. சதுர மீட்டருக்கு சுமார் 340 கிராம் எடையுள்ள துணி லேசான பைக்குப் போதும். முரட்டு வேலைக்கு 600 கிராம்வரை போகலாம். அந்தக் கெட்டித் துணி ஈரோடு, கரூர் பக்கத்து விசைத்தறிகளிலிருந்தோ வேறு இடங்களிலிருந்தோதான் வர வேண்டும். அதே விலைக்கு அதைக் கைத்தறியில் நெய்யச் சொல்வது நெசவாளியின் முதுகை ஒடிக்கிற யோசனை. பாலராமபுரத்தால் தர முடிந்தது வேறு: பைக்குள் வைக்கும் மெல்லிய உள்துணி, வார்ப்பட்டை, எல்லாவற்றுக்கும் மேலாக இழையைப் புரிந்துகொண்ட கண்.

தையலுக்கு ஆள் தேட வேண்டியதில்லை. 1998ல் தொடங்கிய குடும்பஸ்ரீ கேரளத்தின் ஒவ்வொரு பஞ்சாயத்திலும் இருக்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இருக்கின்றன. கெட்டித் துணி தைக்கும் கனரகத் தையல் இயந்திரம் மட்டும் சாதாரண வீட்டு மெஷினைவிட விலை கூடுதல்.

செய்யும் விதம்

மெழுகுக் கலவையில்தான் சூட்சுமம். தேன்மெழுகு மட்டும் பூசினால் துணி பலகைபோல் விறைத்து, மடித்த இடத்தில் வெள்ளைக் கோடு விழும். எண்ணெய் கூடிப்போனால் பிசுபிசுத்துப் புழுதியை வாரிக்கொள்ளும். பாரஃபின் மெழுகு விலை மலிவு. ஆனால் அதுவும் பெட்ரோலியத்திலிருந்து வருவதுதான். மூன்றையும் அந்தந்த ஊர் வெயிலுக்கு ஏற்ப அளந்து கலக்க வேண்டும். தேன்மெழுகு சுமார் 62 முதல் 64 டிகிரி செல்சியசில் உருகும். லண்டன் குளிருக்குச் செய்த கலவை நாகர்கோவில் ஏப்ரலில் வெள்ளை வேட்டியில் கறையாக இறங்கும். நமக்கு எண்ணெய் குறைவாக, மெழுகு அதிகமாக வேண்டும். அரிசித் தவிட்டு எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது மிஞ்சும் தவிட்டு மெழுகு 77 டிகிரிக்கு மேல்தான் உருகும். நெல் விளையும் நாட்டில் சோதித்துப் பார்க்க வேண்டிய பொருள் அது.

மெழுகை நேரடியாகத் தீயில் வைக்கக்கூடாது, பற்றிக்கொள்ளும். கொதிக்கும் தண்ணீருக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்க வேண்டும். பரப்பிய துணியில் தூரிகையால் பூசி, மேலே வெள்ளைத் தாள் போட்டு இஸ்திரிப் பெட்டியை ஓட்டினால் மெழுகு இழைக்குள் இறங்கும். மிச்சத்தைத் தாள் உறிஞ்சிக்கொள்ளும். தொழிற்சாலைகள் மெழுகேற்றிய துணியை வெட்டித் தைக்கின்றன. கையால் செய்பவர்களுக்குத் தைத்து முடித்த பையில் மெழுகேற்றுவது நல்லது. ஊசித் துளைகள் அடைபடும். மழை முதலில் நுழைவது அந்தத் துளைகளில்தான். ஆளிவிதை எண்ணெய் சேர்ப்பவர்கள் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக்கூடாது. அந்த எண்ணெய் காயும்போது தானாகச் சூடேறும்; குவியலாகக் கிடந்தால் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட வேண்டும்.

பையின் வடிவத்திலும் யோசனை வேண்டும். அடிப்பாகம் இரட்டைத் துணி. ஓரங்களை உள்ளே மடித்து இரண்டு ஓட்டுத் தையல். வார் சேரும் இடத்தில் பெருக்கல் குறிபோலக் குறுக்குத் தையல். மழை உள்ளே போகாமல் முன்னால் நன்றாக இறங்கும் மேல்மூடி. ஜிப் வேண்டாம். எந்தப் பையிலும் முதலில் போவது ஜிப்தான், அது போனால் பையே போனதாகக் கொள்கிறோம். பித்தளை வளையமும் கொக்கியும் உடைந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். மெழுகுக் கித்தான் பை கனமானது. சோப்புப் போட்டுத் துவைக்க முடியாது; துவைத்தால் மெழுகு போய்விடும். ஈரத் துணியால் துடைத்து நிழலில் காயவைக்க வேண்டும். ஈரத்தோடு பெட்டியில் மூடினால் இதிலும் பூஞ்சை பிடிக்கும். புதிதில் ஒரு வாசனை இருக்கும். உள்ளே உறை இல்லாமல் சமைத்த சாப்பாடு வைக்க ஏற்றதல்ல. இன்னொரு முக்கியமான விஷயம்: சாதாரணத் துணிப்பையைவிட இதில் பல மடங்கு பருத்தி இருக்கிறது. அதாவது கடனும் பல மடங்கு. டென்மார்க் கணக்கின்படி பார்த்தால், 2 வருடத்தில் தூக்கிப்போடப்படும் மெழுகுப் பை, சாதாரண மஞ்சள் பையைவிட மோசமானது.

மெழுகுக்கும் வரம்பு உண்டு. பெட்டித் தேனீ வளர்ப்பில் தேனை இயந்திரத்தில் சுழற்றி எடுத்துவிட்டு அடையை அப்படியே தேனீக்களுக்குத் திருப்பிக் கொடுக்கிறார்கள். ஒரு கிலோ மெழுகு சுரக்கத் தேனீக்கள் 6 முதல் 8 கிலோ தேன் தின்னும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதனால் அடையை அழிப்பது நஷ்டம். கிடைப்பது அடையின் மேல்மூடியைச் சீவும்போது வரும் மெழுகும், பழைய கறுத்த அடைகளும்தான். ஆயிரக்கணக்கான பைகளுக்கு அது போதாது. சில நூறு பைகளுக்கும், பழைய பைகளுக்கு வருடா வருடம் பூசவும் போதுமானதாக இருக்கலாம்.

மே மாதத்து வேலை

இந்த வரம்பே ஒரு வழியையும் காட்டுகிறது. எல்லைக் கிராமங்களுக்கு லாபம் தருவது ஆயிரம் பை தைத்து நகரத்துக்கு அனுப்புவது அல்ல. அந்தப் போட்டியில் நைலானும் பெரிய தொழிற்சாலைகளும் ஜெயிக்கும். ஒரு பையை விற்றுவிட்டு 15 வருடம் அதைப் பார்த்துக்கொள்வது வேறு தொழில். ஜூன் வருமுன் தெருமுனையில் உட்கார்ந்து கம்பி மாற்றித் தரும் குடை ரிப்பேர்காரர்களை இந்த ஊர்கள் அறியும். குடையில் நடந்தது பையிலும் நடக்கலாம். மே மாதத்தில் ஒரு வாரம், பஞ்சாயத்துக் கட்டடத்திலோ பள்ளி வராந்தாவிலோ, ஒரு தையல் மெஷினும் ஒரு மெழுகுச் சட்டியும். பிரிந்த தையலைப் போட்டு, இற்ற வாரை மாற்றி, மெழுகேற்றிக் கொடுக்க ஒரு கூலி. மழை தொடங்கினால் ரப்பர் பால்வெட்டு தடைபடும் பகுதியில், அதற்கு முன்பாகக் கைக்கு வரும் காசு அது.

யார் வாங்குவார்கள் என்பதும் யோசிக்க வேண்டியதுதான். விடியுமுன் தோட்டத்துக்குப் போகும் பால்வெட்டுத் தொழிலாளி தோளில் மாட்ட ஒன்று. தபால்காரருக்கு, ஆஷா பணியாளருக்கு, வீடு வீடாகப் போகும் வசூல்காரருக்கு ஒன்று. அகத்தியமலை ஏறுபவர்களுக்கு ஒன்று. முதலில் கொடுக்கும் விலை அவர்களுக்குக் கூடுதலாகத்தான் தெரியும். ஒவ்வொரு ஜூனிலும் பிள்ளைக்குப் புதுப் பை வாங்கும் குடும்பத்துக்கு 10 வருடக் கணக்கு போட்டுக் காட்டினால் எது மலிவு என்பது புரியும். ஆனால் மொத்தப் பணத்தை முதலிலேயே கொடுக்க முடியாததுதான் ஏழைக் குடும்பத்தின் சிக்கல். சுயஉதவிக் குழுக்களின் சிறு கடன் பாத்திரத்துக்கும் தையல் மெஷினுக்கும் கிடைப்பதுபோல் ஒரு பைக்கும் கிடைத்தால் அந்தச் சிக்கல் தீரும்.

மலையாளத்தில் துணிப்பைக்குச் சஞ்சி என்று பெயர். சட்டங்கள் சஞ்சியைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டன. அதன் வயிற்றுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறையை எடுக்கச் சட்டத்தால் முடியாது. சஞ்சி நனையாது என்ற நம்பிக்கை வந்தால் அதை வைத்தவர்களே எடுத்துவிடுவார்கள். அந்த நம்பிக்கைக்கு வேண்டியது கொஞ்சம் மெழுகும், வருடத்தில் ஒரு நாள் வேலையும்.